கெலிண்டான் குப்புவை நான் கொன்ற கதை

"நீங்கதானே சார் என் வீட்டுக்காரரைக் கொன்னது?"

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, புக்கிட் ரோத்தான் பசாரில் என்னைப் பார்த்து ஒரு பெண்மணி கேட்ட கேள்வி இது. என் ஒரு கையில் கெம்போங் மீன் பை. இன்னொரு கையில் கங்கோங் கீரை. அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. கீரை என்ன விலை என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

மீன்காரர் வெட்டுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த மலாய்க்கார அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்தேன். இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். கொலை செய்ய எனக்கு ஏது துணிச்சல்?

"ஆள் மாறிப்போச்சு போலம்மா" என்றேன்.

"மாறல சார். நூத்தி எண்பத்தேழாம் பக்கம். இடி விழுந்து."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆமாம்... கொன்றது நான்தான்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். 'ஐஸ் லோரி' பார்த்திருப்பீர்கள். பதினெட்டு வருடமாகத் தொலைக்காட்சியில் ஓடுகிற தொடர். பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: பழைய ஐஸ் லோரி ஒன்று, பின்கதவைத் திறந்தால் குளிர்ப்புகை, புகை கலைந்ததும் வேறொரு வருடத்தில் நிற்பீர்கள். டிரைவர் தேவகி அக்கா இந்த வாரம் ஜப்பான்காரன் காலத்தில் இருப்பார், அடுத்த வாரம் நம் கொள்ளுப்பேரன்களின் காலத்தில் இருப்பார். செலவு குறைவு. புகை மட்டும் தாராளம்.

இந்தத் தொடரை ஒட்டி நாவல்களும் வருகின்றன என்பது பல பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏனென்றால் எழுதுகிறவன் நான். இதுவரை ஏழு.

"ஓ, டிவி கதையை அப்படியே எழுதுறீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை ஐயா. டிவியில் காட்டாததை எழுத வேண்டும். இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நடுவில் லோரி எங்கே போனது, யாரைப் பார்த்தது... அந்த இடைவெளிதான் என் பிழைப்பு.

அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. தேவகி அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைக்கக் கூடாது. லோரி உடையக் கூடாது. லோரி ஒரு நாளுக்கு ஒரு தடவைதான் போகலாம், அதே நாளுக்கு மறுபடி போகக் கூடாது. கடைசிப் பக்கத்தில் எல்லாரும், டிவி எங்கே விட்டதோ அங்கேயே வந்து நிற்க வேண்டும். வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரிதான். சமைக்கலாம், சாமி கும்பிடலாம், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: டிவியில் வருவதுதான் நிஜம். புத்தகத்தில் வருவது கணக்கில் சேராது.

இதன் வலி உங்களுக்குப் புரியாது. மூன்றாவது நாவலில் தேவகி அக்காவுக்கு ஒரு தங்கையைக் கொடுத்தேன். இருநூறு பக்கம் அவளைச் சீராட்டி வளர்த்தேன். புத்தகம் வந்த அடுத்த மாதமே தேவகி அக்கா டிவியில் சொல்கிறார் — "நான் வீட்டுக்கு ஒரே பொண்ணு." முடிந்தது. அன்று என் மனைவி எனக்கு இரண்டாவது தடவை காப்பி போட்டுக் கொடுத்தாள். துக்க வீட்டில் கொடுப்பது போல.

சரி, யாரை வைத்துத்தான் எழுதுவது? டிவி யாரை மறந்துவிட்டதோ, அவர்களை வைத்து.

அப்படித்தான் குப்பு கிடைத்தான். கெலிண்டான் குப்பு. லோரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, இறங்கிச் சாமான் இறக்குகிற ஆளை நாம் கெலிண்டான் என்போமே, அந்த வேலை. தொடரின் மூன்றாவது வருடத்தில் ஐந்தே ஐந்து வாரம் வந்தான். தலையில் மஞ்சள் தொப்பி, வாயில் எப்போதும் வெற்றிலை. ஐந்தாவது வாரம், அந்தக் காலத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் லோரி நிற்கிறது. குப்பு வெற்றிலை வாங்க இறங்குகிறான். லோரி கிளம்பிவிடுகிறது. அடுத்த வாரம் புது கெலிண்டான். குப்பு எங்கே என்று யாருமே கேட்கவில்லை — தேவகி அக்கா உட்பட.

பாவமாக இல்லை? அந்தக் காலத்தில் ஒருத்தன் தனியாக மாட்டிக்கொண்டு கிடக்கிறான். பதினைந்து வருடமாக யாரும் தேடவில்லை.

நான் தேடினேன். ஏழாவது நாவல் முழுக்க அவன்தான். தொழிலாளர் லயத்தில் ஒரு வீடு பிடித்துக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் பால்மரம் சீவக் கற்றுக்கொண்டான். ஒரு வரியில் கல்யாணம்கூட ஆனது. கடைசியில் ஒரு மழை நாளில், மரம் சீவிக்கொண்டிருக்கும்போது இடி விழுந்து இறந்துபோனான். மரம் கருகி விழுந்து கிடக்கிறது. அடியில் அவனுடைய கத்தியும் மஞ்சள் தொப்பியும் மட்டும். எஸ்டேட்டே மரத்தடியில் விளக்கு வைத்து அழுகிறது. அந்த இரவோடு நாவல் முடிகிறது.

வாசகர்கள் உருகிவிட்டார்கள். உலு யாமிலிருந்து ஓர் ஆசிரியை, அன்று சோறே இறங்கவில்லை என்று எழுதியிருந்தார். நான் அந்தக் கடிதத்தை மனைவியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். ஒருத்தர் பட்டினி கிடந்ததில் எழுத்தாளனுக்கு எவ்வளவு சந்தோஷம் பாருங்கள்.

அந்தக் குப்புவாக நடித்தவருடைய மனைவிதான், பசாரில் என்னை நிறுத்தியவர். பெயர் செசிலியா.

"வீடு பின்னாடிதான். வாங்க சார், செத்தவரையே பாத்துட்டுப் போங்க."

போகாமல் இருக்க முடியுமா? மீன்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பசாருக்குப் பின்னால் உள்ள தாமான் குடியிருப்பில் சின்ன வீடு. வாசலில் ஒருவர் ஸ்கூல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. முன்தலையில் முடி போய்விட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு குப்புவின் சிரிப்பேதான். என்னைப் பார்த்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தோணி.

"சார், நீங்களா? புக்கு அட்டையில போட்டோ பாத்திருக்கேன். நல்லா எழுதியிருந்தீங்க சார். கடைசில நானே அழுதுட்டேன்."

"நீங்க அழுங்க. நல்லா அழுங்க" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த மீன் பையை வாங்கிக்கொண்டு போய்க் குளிர்ப்பெட்டியில் வைத்தார் செசிலியா. கோபமாக இருந்தாலும் அடுத்தவர் மீன் கெட்டுப்போக விடுகிறவர் இல்லை.

"வேன்ல வர்ற பிள்ளைங்கதான் சார் விட மாட்றாங்க" என்று சிரித்தார் அந்தோணி. "'அங்கிள், நீங்க செத்துட்டீங்களாமே, அப்ப வேன் யாரு ஓட்டுறா?'ன்னு கேக்குதுங்க."

நானும் சிரித்தேன். செசிலியா சிரிக்கவில்லை. விஷயத்தை அவர்தான் சொன்னார்.

ஐஸ் லோரி இந்த வருடத்தோடு முடிகிறது. கடைசிப் பகுதியில் பழைய ஆட்கள் எல்லாரையும் லோரி தேடிப் போய் ஏற்றிக்கொள்ளப் போகிறதாம். மூன்று மாதத்துக்கு முன் டிவி கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, அந்தோணிக்குச் சட்டை அளவு என்ன என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து இந்த மனிதர் இரவுச் சோற்றைக் குறைத்துவிட்டாராம், பழைய சட்டை அளவுக்கு வர வேண்டும் என்று. போன மாதம் அதே பெண் மறுபடி போன் செய்தாள். சாரி அங்கிள், உங்க கேரக்டர் இறந்துட்டாரு.

"பதினஞ்சு வருசமா ஒரு போனுக்காகக் காத்திருந்தாரு சார். வந்துச்சு. நீங்க கொன்னுட்டீங்க."

"சும்மா இரு செசி" என்றார் அந்தோணி.

எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப்போட்டது. "அது எப்படிம்மா? புத்தகத்துல வர்றது கணக்குல சேராது. டிவிக்காரங்களே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"அப்ப நீங்களே கேளுங்க."

கேட்டேன். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஷாலினி. யார் உயிரோடு இருக்கிறார், யார் போய்விட்டார், எந்த வாரம் யார் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, கதையில் தப்பு வராமல் பார்ப்பது அவள் வேலை. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், அவரு என்ன ஆனாருன்னு இங்க யாருக்குமே ஞாபகம் இல்ல" என்றாள் ஷாலினி. "ஸோ உங்க புக்க எடுத்துப் பாத்தேன். டெட்னு போட்டுட்டேன். ரீடர்ஸ் எல்லாம் அழுதிருக்காங்க. இப்ப திடீர்னு வந்து நின்னா புரொடியூசர் கேப்பாரு லா."

பல வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான். டிவி கம்பெனியில் ஒரே ஓர் ஆளாவது என் எழுத்தை நிஜமென்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? எடுத்துக்கொண்டார்கள். பாருங்கள், எப்போது எடுத்துக்கொண்டார்கள் என்று. அந்தோணியின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"மாத்த முடியாதாம்மா?"

"காரணம் குடுங்க சார். செகண்ட் பிரிண்ட் போடுறாங்கல்ல, அதுல ஒரு பக்கம் சேத்துடுங்க. நான் லிஸ்ட்ட மாத்திடுறேன். பட், கனவு கண்டாருன்னு மட்டும் எழுதாதீங்க. ப்ளீஸ்."

ஒரு பக்கம்தானே? எழுத்தாளன் அல்லவா... உட்கார்ந்து யோசித்தேன். குப்புவை விட்டுவிட்டுப் போன நாளுக்கே லோரி மறுபடி போய் ஏற்றிக்கொள்ளலாமா? கூடாது, போன நாளுக்குத் திரும்பப் போக முடியாது. இரட்டைச் சகோதரன்? சொல்லும்போதே எனக்கே வெட்கமாக இருந்தது. செசிலியா கொடுத்த மைலோ ஆறிப்போனது.

"விடுங்க சார்" என்றார் அந்தோணி. "அஞ்சு வாரம் வந்தேன். போதும். எங்க போனாலும் இன்னும் குப்பு அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க." சொல்லிவிட்டு வேன் சாவியை எடுத்துத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். சாவியில் அப்படி என்ன அழுக்கு இருக்கப் போகிறது?

செசிலியா உள்ளே போய் என் புத்தகத்தை எடுத்து வந்தார். நூற்று எண்பத்தேழாம் பக்கம் மடித்து வைத்திருந்தது. சத்தமாகப் படித்தார்.

"'மாலை நான்கு மணி. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. குப்பு மரத்தைச் சீவிக்கொண்டே இருந்தான் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணீரோடு சொன்னார்...' சார், ஒண்ணு கேக்கவா? நீங்க எஸ்டேட்ல இருந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. கோலசிலாங்கூர்ல அப்பாவுக்குத் துணிக்கடை. எஸ்டேட்ட பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்."

"தெரியுது" என்றார். "நான் சின்ன வயசுல அம்மாவோட போயி சீவியிருக்கேன் சார். விடியிறதுக்கு முன்னாடியே போயிருவோம். மத்தியானத்துக்குள்ள பாலை எடுத்துக் கொண்டுபோயி ஸ்டோர்ல ஊத்திருவோம். சாயங்காலம் நாலு மணிக்கு எவன் சார் மரம் சீவுவான்? அதுவும் மழையில? மழை பேஞ்சா பால் தண்ணியோட ஓடிரும். கத்தியவே எடுக்க மாட்டோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஏழு நாவல் எழுதியவன். இந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். இப்போது ரப்பர் போய், சாலையோரம் எங்கே பார்த்தாலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைதான், அது வேறு விஷயம். ஆனால் இங்கே பாதிப்பேர் வீட்டில் பால்மரத்து வேலை தெரிந்த ஓர் ஆளாவது இருப்பார். ஒருத்தரையும் கேட்கவில்லை. இடி விழ வேண்டும். இடிக்கு மழை வேண்டும். மழை சாயங்காலம்தான் பெய்யும். என் வசதிக்கு அவனை நான்கு மணிக்கு மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

"அப்ப..." என்றேன் மெதுவாக, "நாலு மணிக்கு அவன் அங்க இல்ல."

"இல்லவே இல்ல."

"ஆனா மண்டோர் பாத்ததா..."

"மண்டோர் சொன்னா நம்பிருவீங்களா சார்? அந்த ஆளு அந்த நேரத்துல வீட்டுல படுத்திருப்பாரு. மறுநாள் காலைல பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கறப்ப கேட்டா ஏதாச்சும் சொல்லணுமேன்னு சொல்லியிருப்பாரு."

அந்தோணி சாவியைக் கீழே வைத்துவிட்டார். செசிலியா விடவில்லை.

"கத்தி மரத்தடியில கெடந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. சீவுறவன் கத்திய விட்டுட்டு வர மாட்டான். அப்படி விட்டுட்டுப் போயிருக்கான்னா ஏதோ அவசரம். இன்னொண்ணு சார். அவனுக்குக் கல்யாணம் பண்ணி வச்சீங்க இல்ல? விளக்கு வச்சு எல்லாரும் அழுறாங்களே, அதுல பொண்டாட்டியக் காணோமே. அவ எங்க போனா?"

மறந்துவிட்டேன். சத்தியமாக, அவளை நான் மறந்தே போனேன். ஒரு வரியில் கல்யாணம் செய்துவைத்ததோடு சரி. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. டிவிக்காரர்கள் குப்புவுக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்திருக்கிறேன்.

ஆனால் வழி கிடைத்துவிட்டது. பரபரவென்று சொன்னேன்: "கெடச்சிருச்சும்மா. அவன் மெயின் ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தான். லோரி விட்டுட்டுப் போன அதே எடத்துல. அது திரும்ப வரும்னு தெனமும் அங்க போயி காத்திருக்கான்."

நல்ல காட்சி இல்லையா?

"வேணாம் சார்."

அந்தோணிதான். அதுவரை தனக்கென்று எதுவும் கேட்காத மனிதர்.

"காத்துக்கிட்டு நின்னேன்னு எழுதாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டான்னு எழுதுங்க. காலைல மரம் சீவிக்கிட்டு இருக்கறப்ப, பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுன்னு யாரோ வந்து சொன்னாங்க. கத்திய அப்படியே போட்டுட்டு ஓடிட்டான். தொப்பி விழுந்ததுகூடத் தெரியல. ரெண்டு நாள் கழிச்சுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்தான்னு எழுதுங்க."

செசிலியா புத்தகத்தை மூடிவிட்டார்.

பிறகு மெல்ல மெல்லத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பதினைந்து வருடத்துக்கு முன், ஐந்தாவது வாரத்துப் படப்பிடிப்பின்போது செசிலியாவுக்கு முன்கூட்டியே வலி எடுத்திருக்கிறது. கொஞ்சம் ஆபத்தான பிரசவம். வெற்றிலை வாங்க இறங்குகிற காட்சியை எடுத்து முடித்ததும் அந்தோணி ஓடிவிட்டார். திரும்பி வந்து ஏறுகிற காட்சி பாக்கி. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வராந்தா. தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். அவர் திரும்பிப் போனபோது, லோரியில் வேறோர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

பசாரில் என்னை நிறுத்திய கோபம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அது என் மேல் வந்த கோபம் இல்லை. அந்த அம்மா பதினைந்து வருடமாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனதால பொழைச்சான்னு எழுதுங்க சார்" என்றார் அந்தோணி. "நான் சொன்னா இவ நம்ப மாட்றா. அச்சுல வந்தா நம்புவா."

செசிலியா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனார். குளிர்ப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வர ரொம்ப நேரமானது. என் மீன் பையோடு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"மீன் கெட்டுரும் சார். வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க, கெளம்புங்க."

அந்த மீன் அவ்வளவு நேரமும் குளிர்ப்பெட்டியில்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பினேன். காரை எடுப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. எனக்கும் கண் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். குப்புவின் மனைவிக்குப் பெயரும் வைத்தேன். என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன், இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரசவத்தை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வைக்கலாமா, டவுன் ஆஸ்பத்திரியில் வைக்கலாமா என்று போன் செய்து கேட்டேன். பாடம் கற்றுக்கொண்டேன் இல்லையா? செசிலியா டவுன் என்றார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருந்தால் அன்று இரவே லயத்துக்குத் தகவல் வந்துவிடும், யாரும் விளக்கு வைத்து அழ மாட்டார்கள் என்றார். அந்த அம்மாதான் உண்மையில் எட்டாவது நாவலை எழுத வேண்டும்.

ஷாலினிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் எந்தப் புத்தகத்துக்கும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது: "மண்டோர் பாயிண்ட் சூப்பர் சார். அலைவ்னு மாத்திட்டேன். அங்கிள்கிட்ட நானே சொல்லிடுறேன்."

ஒரே காட்சி. இரண்டு வரி வசனம். லோரி வந்து நிற்கும், குப்பு ஏறுவான்.

என் ஏழு நாவல்களில் கணக்கில் சேர்ந்தது இந்த ஒன்றரைப் பக்கம்தான். அதில் என் சொந்தச் சரக்கு என்று ஒன்றும் இல்லை. வேலை தெரிந்தவரும் வலி தெரிந்தவரும் சொல்லச் சொல்ல எழுதியது. ஆனாலும் சொல்கிறேன், நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த பக்கம் அதுதான்.

படப்பிடிப்பு வருகிற புதன்கிழமை. செசிலியாவும் கூடப் போகிறாராம். எதற்கு என்று கேட்டேன்.

"இவரு ஏறி உக்காருற வரைக்கும் லோரிக்கு முன்னாடி நிக்கப் போறேன் சார்."